எங்கள் தெருவின் கூட்டல் குறிகள்

மார்ச் 4, புதன்

காமிராக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆகவே இன்று காலை நான் வானத்தில் இருந்தேன்.

அடுத்தவர் வலியில் சந்தோஷப்படுகிறவன் அல்ல நான். அவர் வீட்டுக்குப் போனேன், குப்புறப் படுத்திருந்தார், வருத்தம் தெரிவித்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் சிரிப்பு வந்தது. அதுவும் கொஞ்சம்தான்.

இத்தனை வருஷமாக விமானத்துக்கு வெளியே நின்று பிலிம் பெட்டியைத் தூக்கி உள்ளே கொடுத்தவன் நான். இன்று உள்ளே இருந்து வாங்கினேன். இந்தக் காமிரா கழுத்தில் தொங்குகிற சாமான் இல்லை. விமானத்தின் வயிற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் நிறுத்தி வைத்திருக்கிறது. காஸ் சிலிண்டர் கனம் இருக்கும். பிலிமே ஒரு சாண் அகலம். விமானம் வயல் உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்ப, நான் ஊரை வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டு விழ வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் வரைபடம் போட முடியும்.

காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் காமிராவையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். திருப்பினேன். "அண்ணே, எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்று கேப்டன் கேட்டார். "சரியான பக்கம்" என்றேன். கேப்டன் என்பது விமானம் ஓட்டுகிற பெண். என் தங்கச்சி மகள் வயதுதான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நம்பிக்கை.

இறங்கியதும் ஸ்கேல் கூப்பிட்டார். ஸ்கேல் என்பது எங்கள் தலைமை அளவைக்காரர். ஒல்லி, நேராக நிற்பார், பேச்சில் வளைவே கிடையாது. "மேகம் சேர்றதுக்குள்ள இந்த ஊரை முடிக்கணும். அதுவரைக்கும் நீங்க காமிராவுல உட்காருங்க. படம் நல்லா வந்தா அந்த இடம் உங்களுக்கு. இல்லேன்னா பழையபடி பெட்டி தூக்குங்க" என்றார்.

படம் நல்லா வராமல் எப்படிப் போகும்? நானல்லவா எடுக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

தங்கச்சி வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுவதும் என் பேச்சுதான். மாடி அறையில் இருக்கிறவனை இத்தனை நாள் வாடகை தராத சாமான் மாதிரிப் பார்த்தவர்கள், இன்று இரண்டாம் தடவை பரிமாறினார்கள். காமிரா ஒரு கன்றுக்குட்டி கனம் என்றேன். ஓட்டை வழியாக வருகிற காற்றில் சட்டைப் பொத்தான் தெறித்தது என்றேன். (தெறித்திருக்கலாம். பழைய சட்டை.)

தங்கச்சி மகள், என் மருமகள், மட்டும் சொன்னாள்: "மாமா, போன வாரம் ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தச் சொன்னதுக்கு மயக்கம் வருதுன்னீங்க."

"ஸ்டூல் உயரம் கம்மி. கம்மியான உயரம்தான் ஆபத்து. விழுந்தா சுதாரிக்க நேரம் கிடைக்காது."

மச்சான் தலையாட்டினார். அவர் தையல்காரர், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். அவரே தலையாட்டினார்.

மார்ச் 9, திங்கள்

முடிவெட்டும் கடை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வெள்ளையாகப் பெரிய கூட்டல் குறி போட்டிருக்கிறதே, அது என்ன என்று கடைக்காரர் கேட்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். ஊரில் பன்னிரண்டு இடத்தில் அப்படிப் போட்டிருக்கிறோம். அந்த இடங்களை ஸ்கேல் தரையில் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார். வானத்தில் இருந்து எடுத்த படத்தில் அந்தக் கூட்டல்களைக் கண்டுபிடித்தால், படத்தை பூமியோடு ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிடலாம்.

"அவ்ளோதானா?" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலி ஆளோடு பேசப் போய்விட்டார்.

வானத்துக்குப் போய்வந்த மனிதனிடம் அவ்ளோதானா என்று கேட்டால் எப்படி இருக்கும்? நான் தொண்டையைக் கனைத்தேன்.

"வெளிய சொல்லாதீங்க. கூட்டல் இருக்கிற இடம்தான் வரைபடத்துல ஏறும்."

"மத்த இடம்?"

"காலி மனைன்னு போட்டுருவாங்க."

"ஆளு குடியிருந்தாலுமா?"

"வரைபடத்துக்கு ஆளைத் தெரியாதுங்க. கூட்டலைத்தான் தெரியும்."

கத்தரிக்கோல் நின்றது. மூன்று நாற்காலிகளிலும் நின்றது. இவ்வளவு அமைதியாக நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை. கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "தோ வந்துட்டேன்" என்று வெளியே போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு வலது பக்கம் மட்டும் வெட்டியிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

தொப்பி போட்டுக்கொண்டு பறந்தேன். மேலே குளிர் என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

விஷயம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மச்சான் என் தட்டில் முதலில் பரிமாறச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "மச்சான், நம்ம வீடும் காலி மனையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருஷத்தில் முதல் முறையாக அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ எதையும் பாக்க வேணாம். கூட்டலோட அளவு மட்டும் சொல்லு."

எனக்கு எங்கே தெரியும் அளவு? கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி இருந்தேன். திறந்தபோது அவர் இல்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

மச்சான் கூட்டலுக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டிவிட்டார், சட்டைக் கைக்கு வெட்டுகிற மாதிரியே. லைனிங் துணியில் தைத்து, ஓரம் மடித்து, மூலைக்கு மூலை கல் வைக்கப் பை. மொட்டைமாடியில் விரித்தார். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவருக்கு ஒன்று தைத்தார். எதிர்வீட்டுக்கு ஒன்று. இப்போது திண்டாடுகிறார், தெருவில் வரிசை நிற்கிறது. இரண்டு கல்யாண பிளவுஸ்களைத் தள்ளி வைத்துவிட்டார்.

என்னால் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்று நினைக்கும்போது நிறைவாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பளிச்சென்ற வானம். ஒரு பஞ்சு கூட இல்லை. முக்கியமான பறப்பு, நம் பேட்டை முழுவதையும் இன்று எடுத்தோம்.

குப்புறப் படுத்துப் பார்வைக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். தெருக்கள் வந்தன. கூட்டல் வந்தது. இன்னொரு கூட்டல். அப்புறம் மொட்டைமாடி மொட்டைமாடியாகக் கூட்டல் - கணக்கு வாத்தியார் ஒருவர் ஊர் மேல் நடந்து போன மாதிரி. எண்ணப் பார்த்தேன், கணக்குத் தப்பியது. கேப்டன் விமானத்தைச் சாய்த்ததால் இருக்கும்.

பிறகு எங்கள் வீடு வந்தது. மாடியில் மச்சான், தங்கச்சி, மருமகள், கடுகு கடுகாக மூன்று பேர். அவ்வளவு உயரத்தில் இருந்து சொந்த வீட்டைப் பார்த்தால் எவனும் கையை ஆட்டுவான்.

மார்ச் 18, புதன்

பிலிமைக் கழுவிப் படம் போட்டாயிற்று. துல்லியம். காற்றுக்குத் திருப்பியதெல்லாம் சரி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததும் சரி. ஸ்கேல் இரட்டைக் கண்ணாடிக்குள் பார்த்தார். இரண்டு படத்தைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் வீடுகள் எழுந்து நிற்கும். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பாராட்டுக்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"நாம எத்தனை கூட்டல் போட்டோம்?"

"பன்னிரண்டு" என்றார் கேப்டன்.

"இங்க எண்ண முடியல. எல்லாம் ஒரே அளவு. எது நம்முதுன்னு எனக்கே தெரியல." ஒரு மாடியில் விரலை வைத்தார். மூன்று கடுகுகள். "இவங்க யாரு?"

"தெரியலையே சார்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

கேப்டன் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, அந்த வீடு வந்தப்பதானே ஓட்டை வழியா கையை ஆட்டினீங்க? நான்கூட காமிரா மேல கை பட்டுடப்போகுதுன்னு சொன்னேனே" என்றார்.

ஸ்கேல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். "அடுத்த வாரம் மறுபடி எடுப்போம். அதுக்குள்ள நம்ம பன்னிரண்டைத் தவிர ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார்.

மார்ச் 19, வியாழன்

வீடு வீடாகப் போனேன். வரைபடத்தில் எல்லா வீடும் ஏறும், கூட்டல் அளவெடுக்க மட்டும்தான், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன்.

ஒருவரும் நம்பவில்லை.

"எதிர்த்த தெருக்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்றார் முடிவெட்டுகிறவர். "அன்னைக்குச் சொன்னப்ப உங்க முகத்துல ஒரு தெளிவு இருந்துச்சு. இன்னைக்கு இல்ல. எங்களுக்கும் ஆளைப் பாத்தா தெரியும்ணே."

மச்சான் மட்டும் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஓரத்துக்கு இரண்டாம் தையல் போட்டுக்கொண்டிருந்தார், காற்றில் பறக்காமல் இருக்க.

மார்ச் 21, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். வைத்தியம் நோயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்குப் போய் இடது பக்கத்தை வெட்டச் சொன்னேன். பாதியில் பெருமூச்சு விட்டேன். என்னண்ணே என்றார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி பெருமூச்சு.

"சொல்லுங்கண்ணே."

"உங்க மாடியில இன்னும் கூட்டல் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"இல்ல... பெரிய ரோடு ஒண்ணு வருதாம். எந்தெந்த வீட்டை இடிக்கணும்னு மேல இருந்து அடையாளம் தெரியணுமில்ல."

இந்தத் தடவை அவர் "தோ வந்துட்டேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒரே நாளில் ஊர் சுத்தம். மச்சான் கடை வாசலில் திருப்பிக் கொடுத்த கூட்டல்கள் குவியலாகக் கிடக்கின்றன. அவர் என்னோடு பேசுவதில்லை. தங்கச்சி சாப்பாட்டை மாடிக்கு அனுப்புகிறாள், ஒரே தடவை. பரவாயில்லை. காமிராவில் என் இடம் நிச்சயம்.

மார்ச் 24, செவ்வாய்

மேற்கே மேகம் முளைக்கத் தொடங்கிவிட்டது. அவசரமாக ஏறினோம். மாடிகள் மொட்டையாக இருந்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. கேப்டனிடம், "ஒரு மனுஷன் வாக்கு கொடுத்தா எப்படிக் காப்பாத்தறான் பாருங்க" என்றேன்.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது வரிசையில் தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டி இருந்தது. பக்கத்தில் தரை இருந்தது. தரையில் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூட மைதானத்திலும் இல்லை. பேருந்து நிற்கிற இடத்திலும் இல்லை. எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிவிட்டிருக்கிறார்கள். இறங்கும்போது பார்த்தேன், ஓடுபாதை ஓரத்தில் இருந்ததும் போச்சு. அதைத் தேய்த்துக் கழுவியது எங்கள் சொந்தக் காவல்காரர். அவருடைய குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, இடித்துவிடுவார்கள் என்று பயமாம்.

மார்ச் 25, புதன்

ஸ்கேல் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். "போன தடவை எல்லா வீட்லயும் இருந்துச்சு. இந்தத் தடவை எங்கயுமே இல்ல. நடுவுல நிக்கவே மாட்டீங்களா?" என்றார்.

அவர் திருப்பிய படங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கேன். எனக்கு அந்த இடம் வேணும். குப்புறப் படுத்து அந்தக் கண்ணாடில பாக்கிற இடம். இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பாதி நடக்காதது, எனக்குத் தெரியாதா என்ன. இது ஒண்ணு நடந்துச்சு. நிஜமாவே மேல போனேன், நிஜமாவே நல்லா எடுத்தேன். இதுக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டியதே இல்ல - அப்படியே சொல்லியிருந்தாலே போதும். அப்பவும் போய்ச் சேர்த்தேனே, ஏன்?

மார்ச் 26, வியாழன்

மேகத்துக்கு முன் ஒரே ஒரு நல்ல நாள் மிச்சம் என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்களாம். சனிக்கிழமை. சுண்ணாம்பு அடித்துக் காயவைக்கவும், விடிய விடியக் காவல் இருக்கவும் முடியாது.

"உங்க மச்சான் கடை வாசல்ல துணி குவிஞ்சு கிடக்குல்ல?" என்றார் ஸ்கேல். "பறக்கும்போது விரிச்சு, போனதும் சுருட்டிடலாம். ஆனா ஒவ்வொண்ணுகிட்டயும் ஒருத்தர் நிக்கணும். ஒருத்தரும் எடுத்துட்டுப் போகக்கூடாது, ஒருத்தரும் புதுசாக் கொண்டுவரக்கூடாது. இந்த ஊரை யாரு அடக்கறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் மேல இருக்கணுமே சார். காமிரா?"

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பழைய காமிராக்காரர் உட்கார்ந்திருந்தார். "ஒரு நாள் படுத்துப்பேன்" என்றார். "எப்படியும் படுத்துத்தானே இருக்கேன்."

ஸ்கேல் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "மேல போறதுன்னா போங்க. கீழ கெட்டா படம் கெடும், அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்க" என்றார்.

கேப்டன் தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

கீழே நிற்கிறேன் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

இந்த முறை யாருக்கும் எதையும் விளக்கவில்லை. உண்மை சொன்னால் நம்புவதில்லை, பொய் சொன்னால் ரொம்ப நம்புகிறார்கள். ஆகவே வேலை கொடுத்தேன்.

முடிவெட்டுகிறவரிடம், "தொட்டி உங்க பொறுப்பு. துணியை விரிச்சு நாலு பக்கமும் கல் வைக்கணும். உங்க நிழல் அது மேல விழக்கூடாது. விமானம் போற வரைக்கும் ஒரு ஈ உட்காரக்கூடாது" என்றேன்.

"எதுக்குண்ணே?"

"உங்களால முடியாதுன்னா பக்கத்துக் கடைக்காரரைக் கேக்கறேன்."

"யாரு முடியாதுன்னா?"

பன்னிரண்டு பேர் கேட்டேன், முப்பது பேர் வந்தார்கள். மச்சானிடம் போகத்தான் கால் கூசியது. அவர் குவியலில் இருந்து பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, இஸ்திரி போட்டு அடுக்கினார். பிறகு இத்தனை நாளுக்குப் பிறகு பேசினார்: "எனக்கு எந்த இடம்?"

"பள்ளிக்கூட மைதானம்."

"மேடா, பள்ளமா?"

"மேடு."

"சரி" என்றார். மேடு என்றதில் சந்தோஷம்.

மார்ச் 28, சனி

பதினொரு துணிக்கும் ஆள் நிறுத்தினேன். பன்னிரண்டாவது ஊர்க்கோடியில், வெட்டவெளி. அங்கே நானே நின்றேன்.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம்தான் விமானம். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரியாது. உள்ளே ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். போனது, திரும்பியது, பக்கத்து வரிசையில் வந்தது. நான் நிழலைப் பார்த்துப் பார்த்து நகர்ந்து நின்றேன்.

மதியம் மேகம் மூடிவிட்டது.

மார்ச் 31, செவ்வாய்

படம் வந்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஸ்கேல் நாள் முழுக்க நிமிரவில்லை. நிமிர்ந்தபோது டீ கேட்டார். அவர் டீ கேட்டு நான் பார்த்ததில்லை.

காமிராக்காரருக்குப் படுத்ததில் இடுப்பு நேராகிவிட்டதாம். இனி அவர்தான். பெட்டி தூக்கவும் வேறு ஆள் வந்துவிட்டார். அப்போ எனக்கு? என்று கேட்கவில்லை. கேட்க நினைத்து வாசலிலேயே நின்றேன்.

ஸ்கேல் தலையை வெளியே நீட்டினார். "அடுத்த ஊருக்கு விமானத்துக்கு முன்னாடி ஜீப்ல போறோம். துணி விரிக்க ஆள் வேணும். வர்றீங்களா?"

தரைப் பொறுப்பு அதிகாரி. அப்படித்தான் தங்கச்சியிடம் சொன்னேன். "வானத்துல இருந்து இறக்கிட்டாங்களா மாமா?" என்றாள் மருமகள்.

"ஆமா" என்றேன். அவள் இன்னொரு தடவை பரிமாறினாள்.

ஏப்ரல் 16, வியாழன்

புது ஊர். இங்கே மேகம் வர இன்னும் நாள் இருக்கிறது. ஜீப்பில் வந்ததில் எலும்பு ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை.

காலையில் டீக்கடைக்கு எதிரே இருந்த காலி இடத்தில் துணியை விரித்துக் கல் வைத்தேன். கடைக்காரம்மா கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்தார். பெஞ்சில் இருந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். வேலை வெட்டி இல்லாத, நல்ல, கேட்கத் தயாரான முகங்கள்.

"என்னங்க அது, அவ்ளோ பெரிய துணி?"

தூரத்தில் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்தார்கள்.

"இந்த விமானத்துக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குங்களா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். பேச்சு நின்றுவிட்டது. கிளாஸ் கழுவுகிற சத்தமும் நின்றுவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது எனக்கு. காமிரா எருமை மாட்டுக் கனம் இருக்கும் என்பதில் இருந்து ஆரம்பித்திருக்கலாம்.

"துணி காயப் போட்டிருக்கேங்க" என்றேன்.

அவர்கள் டீயைக் குடித்தார்கள். விமானம் தலைக்கு மேல் நேராகப் போனது, திரும்பி வந்தது, ஊருக்கு அந்தப் பக்கம் போய்ச் சத்தம் அடங்கியது. நான் எழுந்து போய்க் கல்லை எடுத்து, துணியை உதறி மடித்தேன்.

"காஞ்சிடுச்சா?" என்றார் கடைக்காரம்மா.

"காஞ்சிடுச்சுங்க."